சென்னை இன்டர்நேஷனல் பள்ளியில் எந்த மொழிப் பாடம்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இன்டர்நேஷனல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருவது என் வேலை. பத்தாம் வகுப்பு முடியப்போகிற நேரத்தில், பள்ளி ஒரு பாடத்தேர்வுப் படிவத்தை வீட்டுக்கு அனுப்பும். இயற்பியலா பொருளாதாரமா என்பதைப் பெற்றோர் வாரக்கணக்கில் பேசுவார்கள். மொழிக் கட்டத்தை மட்டும் கடைசி நாளில், பக்கத்து வீட்டுப் பிள்ளை எதை எடுத்ததோ அதைப் பார்த்து நிரப்பிவிடுவார்கள். அந்தக் கட்டத்துக்காகவே இந்தப் பக்கம். அடையாறு, ஓஎம்ஆர், ஈசிஆர் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

ஐபி டிப்ளமாவில் எத்தனை மொழி படிக்க வேண்டும்? கேம்பிரிட்ஜிலும் அதே விதியா?

ஐபி டிப்ளமா என்பது, இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் அமைப்பு பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு நடத்தும் திட்டம். மொத்தம் ஆறு பாடம். அதில் இரண்டு மொழிக்கானவை. முதல் பிரிவில் இலக்கியத்தோடு படிக்கும் ஒரு மொழி. இரண்டாம் பிரிவில் கற்றுக்கொள்ளும் ஒரு மொழி. இரண்டாம் பிரிவைத் தவிர்த்துவிட்டு முதல் பிரிவிலேயே இரண்டு மொழிகளை எடுக்கவும் இடம் உண்டு. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பெரும்பாலான பெற்றோர் கேள்விப்பட்டதே இல்லை. தமிழ்க் குடும்பங்களுக்கு இதைவிடப் பயனுள்ள விதி இந்தத் திட்டத்தில் இல்லை என்பேன். கீழே விரிவாக வருகிறேன்.

கேம்பிரிட்ஜ் வேறு மாதிரி. அதன் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வான ஐஜிசிஎஸ்இ-யில் எந்த மொழிகளைத் தருவது என்பதைப் பள்ளிதான் முடிவு செய்கிறது. ஆங்கிலத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ எழுதலாம். ஹிந்தி, பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன் ஆகியவையும் தேர்வுப் பட்டியலில் உண்டு. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு நிலையான ஏ லெவலுக்குப் போனதும் மொழி கட்டாயம் இல்லை. இயற்பியல், வேதியியல், கணிதம் என்று மூன்றே பாடத்தோடு போகிற பிள்ளைக்குப் பதினாறு வயதோடு மொழிப் படிப்பு நின்றுவிடுகிறது. அந்தப் பாதையில் போகிறவர்கள் ஐஜிசிஎஸ்இ ஆண்டுகளிலேயே இரண்டாவது மொழியை உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஏ, பி, அப் இனிஷியோ என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

இவை ஐபி-யின் மொழிப் பாட வகைகள். கேம்பிரிட்ஜின் ஏ லெவல் வேறு. ஏ என்பது, அந்த மொழியில் பிள்ளை யோசிக்கும், வாசிக்கும், வாதாடும் என்ற நம்பிக்கையில் அமைந்த பாடம். கதை, கவிதை, நாடகம் எல்லாம் படித்து அலசி எழுத வேண்டும். பி என்பது, ஏற்கெனவே சில ஆண்டுகள் படித்த மொழியை மேலே கொண்டுபோவது. எழுத்துத் தாளுக்கு 25 சதவீதம், கேட்டும் வாசித்தும் பதிலளிக்கும் தாளுக்கு 50, வாய்மொழித் தேர்வுக்கு 25. ஹையர் லெவல் என்ற ஆழமான நிலையில் பி எடுத்தால் இரண்டு இலக்கியப் படைப்புகளும் சேரும். அப் இனிஷியோ முற்றிலும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. அது ஸ்டாண்டர்ட் லெவல் என்ற சாதாரண நிலையில் மட்டுமே கிடைக்கும்.

ஸ்டாண்டர்ட் லெவலுக்கு 150 மணி நேர வகுப்பும் ஹையர் லெவலுக்கு 240 மணி நேரமும் பரிந்துரை. வீட்டுப் பாடச் சுமையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் ஏறும்.

எங்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியரே இல்லை. பிறகு எப்படித் தமிழ் எடுப்பது?

இதற்குத்தான் ஐபி ஒரு வழி வைத்திருக்கிறது. பள்ளியின் ஆதரவோடு தானே படிக்கும் முறை. ஆங்கிலத்தில் 'ஸ்கூல் சப்போர்ட்டட் செல்ஃப் டாட்' என்பார்கள். பள்ளியில் அந்த மொழிக்கு ஆசிரியர் இல்லாவிட்டாலும், மாணவர் தன் தாய்மொழி இலக்கியத்தை ஸ்டாண்டர்ட் லெவலில் எடுக்கலாம். பள்ளி ஒரு மேற்பார்வை ஆசிரியரைத் தரும். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நேர அட்டவணை, தேர்வு முறை, கட்டுரை அமைப்பு ஆகியவற்றை அவர் பார்த்துக்கொள்வார். தமிழுக்கென்று வெளியிலிருந்து ஒரு ஆசிரியரைக் குடும்பம் ஏற்பாடு செய்துகொள்ளலாம். வாய்மொழித் தேர்வு பதிவு செய்யப்பட்டு வெளித் தேர்வாளரிடம் போகும்.

படிக்க வேண்டியவை ஒன்பது படைப்புகள். குறைந்தது நான்கு தமிழிலேயே எழுதப்பட்டவையாக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று பிற மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்த மொழிபெயர்ப்புகள். மீதி இரண்டு விருப்பத்துக்கு. இலக்கிய வடிவம், காலம், நாடு ஆகியவையும் கலந்து வர வேண்டும். எனவே சங்கப் பாடல்களையும் இன்றைய சிறுகதையையும் ரஷ்ய நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பையும் ஒரே பிள்ளை இரண்டு ஆண்டில் படிக்கும். ரஷ்ய, வங்க இலக்கியங்கள் தமிழில் நிறையவே வந்திருப்பதால் மொழிபெயர்ப்புப் பகுதிக்கு நமக்குத் தட்டுப்பாடு இல்லை. இந்தப் பட்டியலைப் போட உட்காரும் நாள்தான் என் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த நாள்.

புத்தகங்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் எழும்பூர் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. பழைய நூல்கள் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இது 'தானே படித்துக்கொள்' என்று விட்டுவிடுகிற பாடம் இல்லை. வாரத்துக்குக் குறிப்பிட்ட நேரம் அட்டவணையில் இல்லையென்றால், பதினொன்றாம் வகுப்பு டிசம்பருக்குள் பிள்ளை பின்தங்கிவிடும். சேரும்போதே அந்த நேரத்தை அட்டவணையில் எழுதி வாங்குங்கள். பள்ளி ஐபி-யிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டிய வேலைகளும் உண்டு. ஆகவே பத்தாம் வகுப்பின் நடுவிலேயே ஒருங்கிணைப்பாளரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். ஜூலையில் போய்க் கேட்டால் பெரும்பாலும் 'இனி முடியாது' என்ற பதில்தான் வரும்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு படிக்கிறார்கள். சொந்த ஊரிலிருந்து அத்தனை தூரம் வந்தும் அந்தப் பெற்றோர் பலர் கொரிய மொழியை விட்டுக்கொடுப்பதில்லை. பள்ளியில் கேட்டு, ஏற்பாடு செய்து, எடுக்க வைக்கிறார்கள். சொந்த ஊரிலேயே இருக்கிற நாம் கேட்கக்கூடத் தயங்குகிறோம். எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

வீட்டில் தமிழ்தான். ஆனால் மகளுக்கு எழுத வராது. தமிழ் ஏ தாங்குமா?

அதிகம் வரும் கேள்வி இது. பதில் பிள்ளையின் பேச்சில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது.

சென்னையில் வளரும் பிள்ளை பாட்டியோடு மணிக்கணக்கில் பேசும், படம் பார்க்கும், வாக்கியத்துக்கு வாக்கியம் கிண்டலும் செய்யும். ஆனால் வார இதழில் ஒரு பக்கம் கொடுத்தால் எழுத்துக் கூட்டி வாசிக்கும். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும் மொழியில் இது இயல்பு. குறை பிள்ளையிடம் இல்லை. ஆனால் தேர்வு கேட்பது எழுத்துத் தமிழை. ஸ்டாண்டர்ட் லெவலில் முதல் தாள் ஒன்றே கால் மணி நேரம். அதுவரை பார்த்திராத ஒரு பகுதியைக் கொடுத்து அலசச் சொல்வார்கள். இரண்டாம் தாள் ஒன்றே முக்கால் மணி நேரம். படித்த இரண்டு படைப்புகளை ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் 35 சதவீதம். மீதி 30 வாய்மொழிக்கு.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளை இதுவரை படிக்காத ஒரு சிறுகதையைக் கொடுங்கள். சத்தமாக வேண்டாம், மனதுக்குள் வாசிக்கட்டும். முடித்ததும், அந்தக் கதாபாத்திரம் ஏன் அப்படிச் செய்தது என்று ஒரு பக்கம் கையால் எழுதச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழை, ணகர னகரக் குழப்பம் எல்லாம் இருந்தால் பரவாயில்லை. அவற்றைச் சரிசெய்ய இரண்டு ஆண்டு போதும். கதை புரிந்ததா, சொந்தமாக ஒரு கருத்து எழுந்ததா என்று மட்டும் பாருங்கள். கருத்து இருந்து எழுத்து தடுமாறினால் தமிழ் ஏ தாராளமாக எடுக்கலாம். ஒரு பக்கக் கதையை முடிக்கவே அரை மணி நேரம் ஆகிறது என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

அப்படிப்பட்ட பிள்ளை எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இருந்தால் இன்னும் காலம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்று சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது. அதோடு தினமும் பத்து நிமிடம் செய்தித்தாள். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

இரண்டு மொழியையும் ஏ-யாக எடுத்தால் என்ன கிடைக்கும்?

ஆங்கிலம் ஏ, தமிழ் ஏ என்று எடுத்து இரண்டிலும் 3 அல்லது அதற்கு மேல் வாங்கி, டிப்ளமாவிலும் தேர்ச்சி பெற்றால் 'பைலிங்குவல் டிப்ளமா' தருவார்கள். மதிப்பெண் அளவு 1 முதல் 7 வரை. எனவே 3 என்பது எட்டக்கூடிய எல்லைதான். இரண்டு மொழியில் கட்டுரை எழுதி வாதிடத் தெரிந்தவர் என்று சான்றிதழிலேயே அச்சாகி வரும்.

தமிழ் எடுத்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் மதிப்புக் குறையுமா?

குறையாது. தமிழ் ஏ-யில் வாங்கிய 6, பிரெஞ்சு பி-யில் வாங்கிய 6 போலவேதான் டிப்ளமாவின் மொத்தமான 45 மதிப்பெண்ணுக்குள் கூடும். பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத் திறனைத் தனியாகப் பார்க்கும். அதற்கு ஆங்கிலம் ஏ இருக்கிறது. தமிழ் ஏ-யோடு ஆங்கிலத்தை பி-யாக எடுப்பதானால், நீங்கள் குறிவைத்திருக்கும் பல்கலைக்கழகம் ஆங்கிலம் பி-யில் எந்த மதிப்பெண் கேட்கிறது என்று அதன் சேர்க்கைப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

ஜெர்மனிக்குப் போக நினைப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த நாடு மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு விடுவதில்லை. எந்தெந்தப் பாடம், எந்த லெவல் என்று கலவையையே பார்த்துத்தான் தகுதி தருகிறது. மொழிக்கும் கணிதத்துக்கும் தனி விதிகள் வைத்திருக்கிறது. படிவம் நிரப்பும் முன்பே அதைப் படியுங்கள்.

பிரெஞ்சுதான் ஸ்கோரிங் என்கிறார்களே?

இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நம் ஊர்ப் பள்ளி, கல்லூரிகளில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சோ சமஸ்கிருதமோ எடுத்து முழு மதிப்பெண் வாங்கும் பழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே கேள்விகளை ஊகித்து மனப்பாடம் செய்ய முடிந்தது. ஐபி-யில் அது நடக்காது. அப் இனிஷியோவிலும் பாதி மதிப்பெண் கேட்டும் வாசித்தும் புரிந்துகொள்வதற்கு. ஒலிப்பதிவில் என்ன வரும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. வாய்மொழித் தேர்வில் படத்தைப் பார்த்துப் பேச வேண்டும், ஆசிரியரின் கேள்விகளுக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சை நேசித்துப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் தாராளமாக எடுக்கட்டும். 'தமிழ் கஷ்டம், பிரெஞ்சு ஈசி' என்று பெற்றோரே சொல்லி அனுப்பும் பிள்ளைதான் இரண்டு ஆண்டு கழித்து இரண்டிலும் ஒரு பக்கம் வாசிக்க முடியாமல் நிற்கிறது.

பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், ஜப்பானியம். புதிதாகத் தொடங்குகிறவன் எதை எடுக்கலாம்?

பள்ளிக்கு வெளியே எந்த மொழிக்குத் துணை கிடைக்கிறது என்று பாருங்கள். சென்னையில் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மனுக்கு கோத்தே நிறுவனம். இரண்டுமே நுங்கம்பாக்கத்தில். கோத்தே நிறுவனத்தை, இந்தத் தலைமுறைப் பெற்றோருக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்றால்தான் புரியும். ஜப்பானியத்துக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் பல காலமாக வகுப்பு நடத்துகிறது. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் வரும்.

ஜப்பானியத்திலும் மாண்டரினிலும் எழுத்துமுறையே தனி உழைப்பு கேட்கும். மற்ற ஐந்து பாடங்களில் மூன்று ஹையர் லெவலில் ஓடும்போது அந்த நேரம் கிடைக்குமா என்று பிள்ளையோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். கார்ட்டூன் பார்த்துப் பார்த்தே ஜப்பானியத்தின் மேல் உண்மையான ஆசை வந்த பிள்ளைகள் அந்த நேரத்தை எப்படியோ உண்டாக்கிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அப் இனிஷியோ முடித்தால் ஜெர்மன் மொழியிலேயே பட்டம் படித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே ஜெர்மன் வழிப் பட்டப்படிப்புக்குப் பொதுவாக சி1 என்ற உயர்நிலைத் தேர்ச்சி கேட்பார்கள். அப் இனிஷியோ தொடக்கம் மட்டுமே. சி1-க்கு அதன்பிறகு நெடுந்தூரம் போக வேண்டும்.

மகள் பிரசார சபாவில் பிரவேசிகா முடித்திருக்கிறாள். ஹிந்தி பி எடுக்கலாமா?

எடுக்கலாம். தி. நகர் தட்சிண பாரத் ஹிந்தி பிரசார சபா 1918-இல் தொடங்கியது. நம் ஊரில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் மாலை நேரத்தில் பிராத்மிக், மத்யமா என்று படிப்படியாக அங்கே ஏறியிருக்கிறார்கள். வாசிப்பும் இலக்கணமும் நன்றாக அமைந்திருக்கும். பலவீனம் காதில்தான். சபாத் தேர்வுக்குப் படித்த பிள்ளை வேகமான ஹிந்தி உரையாடலைக் கேட்டால் திணறும். பத்தாம் வகுப்பு விடுமுறை முழுக்க ஹிந்திச் செய்தியும் நேர்காணலும் கேட்கச் சொல்லுங்கள். பேச்சுத்துணைக்கு வடநாட்டுத் தோழி யாராவது வகுப்பிலேயே இருப்பாள்.

சபாவில் அவ்வளவு படித்தவளை வேறெந்த மொழிக்கும் அப் இனிஷியோவில் சேர்க்கலாம். ஹிந்தியில் மட்டும் 'எதுவும் தெரியாது' என்று தொடக்க நிலையில் உட்கார வைக்கக் கூடாது. முன் அனுபவம் உள்ளவர்களை அங்கே வைக்க விதி இடம் தராது. பிள்ளைக்கும் அது நல்லதில்லை.

சிபிஎஸ்இ-யில் சமஸ்கிருதம் படித்தான். அதைத் தொடர முடியுமா?

ஐபி டிப்ளமாவில் செம்மொழிப் பாடமாக லத்தீனும் கிரேக்கமும்தான் இருக்கின்றன. ஆகவே இரண்டாம் பிரிவுக்கு வேறு மொழி பார்க்க வேண்டியிருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிவிட்டோம். அங்கே தமிழ் படித்தாள். இங்கே?

அங்கே தாய்மொழிப் பாடமாகத் தமிழ் எழுதி வந்த பிள்ளைகளுக்கு, கட்டுரை எழுதும் பழக்கம் சென்னைப் பிள்ளைகளைவிட நன்றாகவே இருப்பதைப் பார்க்கிறேன். தயங்காமல் தமிழ் ஏ கேளுங்கள். சென்னைக்கு வந்த பிறகு தமிழை விட்டுவிட்டால் எவ்வளவு பெரிய இழப்பு!

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் என்கிறார்களே?

தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறும் ஏற்பாடு அது. பிற வாரியப் பள்ளிகளுக்கும் 2015-16 கல்வியாண்டிலிருந்து ஒன்றாம் வகுப்பு முதல் விரிவாக்கினார்கள். உங்கள் பள்ளி இதை எப்படி நடத்துகிறது, வாரத்துக்கு எத்தனை வகுப்பு, எந்தப் பாடநூல் என்று கேளுங்கள். வாரத்துக்கு ஒரு பீரியட், அதிலும் கலைநிகழ்ச்சிக்கு ஒத்திகை என்றால் அது தமிழ் வகுப்பாகாது.

சென்னையிலேயே கல்லூரி என்றால் மொழித் தேர்வு எதையாவது பாதிக்குமா?

மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் படித்திருக்க வேண்டும். ஐபி-யில் ஆங்கிலம் பெரும்பாலும் இருக்கும். ஏ லெவல் பிள்ளைகள்தான் கவனிக்க வேண்டும். மூன்று அறிவியல் பாடத்தை மட்டும் எடுத்துவிட்டு ஆங்கிலத்தை மறந்தவர்கள் பிறகு அலைகிறார்கள்.

கலை, அறிவியல் கல்லூரிகளில் பகுதி 1 என்று ஒரு மொழிப்பாடம் வரும். தமிழையோ ஹிந்தி, பிரெஞ்சு போன்ற வேறு மொழியையோ எடுக்கலாம். சென்னைப் பல்கலைக்கழக விதிப்படி, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படிக்காமல் பகுதி 1-இலும் வேறு மொழி எடுப்பவர்கள் அடிப்படைத் தமிழ் படிக்க வேண்டும்.

அரசு வேலை எண்ணம் இருந்தால் இன்னொன்றும் உண்டு. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு தமிழ் மொழித்தாளில் 40 சதவீதம் வாங்கினால்தான் மற்றத் தாள்களைத் திருத்துவார்கள். பதினாறு வயதில் யாரும் அதை யோசிப்பதில்லை. இருபத்து நான்கு வயதில் எழுத்துப் பயிற்சிக்காக என்னிடம் வருகிறவர்கள் உண்டு.

சேர்ந்த பிறகு மொழியை மாற்ற முடியுமா?

முதல் சில வாரங்களுக்குள் பெரும்பாலான பள்ளிகள் அனுமதிக்கும். அதன்பின் விட்டுப்போன பாடத்தை ஈடுகட்டுவது கடினம். ஹையரிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு இறங்குவது எளிது, ஏறுவது அரிது. மே தேர்வுக்கான பதிவு முந்தைய நவம்பரில் நடக்கும். அதற்குப் பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

பள்ளியிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

'தமிழ் இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது' என்பார்கள். அதில் நின்றுவிடாதீர்கள். டிப்ளமா தேர்வுக்குத் தமிழ் ஏ-யில் கடைசியாக எந்த ஆண்டு பிள்ளைகளை அனுப்பினீர்கள்? ஆசிரியர் முழு நேரமா, பகுதி நேரமா? தானே படிக்கும் முறை என்றால் மேற்பார்வை ஆசிரியர் யார், வாரத்தில் எந்த பீரியட்? வெளி ஆசிரியருக்கான கட்டணத்தைப் பள்ளி ஏற்குமா, நாங்கள் தர வேண்டுமா? நூலகத்தில் தமிழ் அலமாரி எங்கே? ஒரே ஒரு பிள்ளை கேட்டாலும் நடத்துவீர்களா, குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டா?

கடைசிக் கேள்விக்கு 'உண்டு' என்று பதில் வந்தால், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே எழுதுங்கள். தமிழ் கேட்க நினைத்துத் தயங்கும் இன்னும் இரண்டு மூன்று குடும்பங்கள் அநேகமாக அந்தக் குழுவிலேயே இருக்கும். சேர்ந்து போய் ஒருங்கிணைப்பாளரைப் பாருங்கள். தீபாவளி விடுமுறைக்கு முன்பே போவது நல்லது.